வெள்ளிக்கவர் போன இடங்கள்

காகிதத்துக்கும் தாகம் எடுக்கும் என்பதை அந்த ஐப்பசியில்தான் கண்டேன். காலை ஒன்பது மணிக்குத் தராசில் வைத்தால் ஓர் எடை. பதினொரு மணிக்கு வெயில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனதும் வேறோர் எடை. மூன்று மணிக்கு மூடுபனி யாரையும் கேட்காமல் ஜன்னல் ஏறி உள்ளே வந்ததும் மூன்றாவதாக ஒன்று. எல்லாம் அதே காகிதக் கவர்தான். உள்ளே ஒரு சிட்டிகை டீத்தூள் கிடையாது. தராசைத் தட்டினேன், பேட்டரியை மாற்றினேன், மேசையைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். ஆறு பெண்கள் கைவேலையை நிறுத்திவிட்டு என்னை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"டீச்சர், அந்தக் காகிதம் மிஸ்டு மூட்டத்தைக் குடிச்சுட்டு உக்காந்திருக்குது. நீங்க எத்தனை தட்டுத் தட்டுனாலும் கக்காது" என்றார், கவர்களுக்கு வாய் ஒட்டும் அக்கா.

அரவேணுவுக்குச் சற்றுக் கீழே, தேயிலைச் சரிவுக்கும் ரோட்டுக்கும் நடுவே தகரக் கூரை போட்ட ஒரு கூடம் எங்களுடையது. ஃபேக்டரிகளிலிருந்து சாக்கில் வரும் டீத்தூளைச் சலித்து, நூறு கிராம் கவர்களில் நிரப்பி, வாய் ஒட்டி, அட்டைப் பெட்டிகளில் அடுக்கி அனுப்புவோம். ஆறு பெண்களும் மேலேயுள்ள எஸ்டேட் லயங்களின் வரிசை வீடுகளிலிருந்து இறங்கி வருகிறவர்கள். கடிதம், படிவம், ரசீது எல்லாம் என் பாடு. முன்பு சில வருடம் பள்ளியில் தற்காலிக ஆசிரியையாக இருந்தேன். வேலை போய்விட்டது, டீச்சர் என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டு கூடவே வந்துவிட்டது. ஓரிடத்தில் அரைமணி நேரம் உட்காரத் தெரியாத எனக்கு அந்தக் கூடம் பிடித்திருந்ததற்குக் காரணம், அங்கே யாரும் என்னை உட்காரச் சொல்லவில்லை என்பதுதான்.

எங்கள் கவர் வெளியே பளபளப்பான பிளாஸ்டிக், உள்ளே வெள்ளித்தாள். இரண்டையும் பிரிக்க முடியாதபடி ஒட்டியிருக்கும். பெண்கள் அதை வெள்ளிக்கவர் என்பார்கள். ஈரத்தை உள்ளே விடாது. மண்ணில் போட்டால் மக்காது. பழைய சாமான் எடுக்கிறவர் அதைத் தொடவே மாட்டார். மலைக்கு வருகிறவர்களின் கையிலிருந்து சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை வாங்கி வைத்துக்கொள்ளும் மாவட்டம் இது. அதே சாவடியைத் தாண்டி எங்கள் டீ தினமும் வெள்ளிச் சட்டை போட்டுக்கொண்டு கீழே இறங்கும். அதை யாரும் தடுத்ததில்லை. நானும் நினைத்துப் பார்த்ததில்லை.

நினைக்க வைத்தது சென்னையிலிருந்து வந்த ஒரு படிவம். எங்கள் சரக்கில் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும் கடைக்காரர்கள் அனுப்பியது. கவரால் பூமிக்கு எவ்வளவு பாரம் என்று அளந்து சொல்ல வேண்டும். ஒரு கிலோ டீக்கு எத்தனை கிராம் கவர், அது எதனால் ஆனது, டீ தீர்ந்ததும் அது எங்கே போகிறது. கடைசிக் கேள்விக்குக் கீழே மூன்று வரிசைகள்: திரும்பி வந்தது, மறுசுழற்சிக்குப் போனது, குப்பைமேட்டுக்குப் போனது. பக்கத்தில் இதே கவரை வாங்கும் நாற்பது வீடுகளை ஒரு மாதம் கவனித்து நிரப்பச் சொல்லியிருந்தார்கள். காலிக் கவர்கள் நல்லபடியாகத் திரும்பி வருகின்றன என்றால் இதே கவர், இதே கூடம். வரவில்லை என்றால் டீயைச் சாக்கிலேயே கோயம்புத்தூருக்கு இறக்கி, அங்கே இயந்திரத்தில் காகிதக் கவரில் அடைத்துக்கொள்வார்கள். இரண்டாவது நடந்தால் ஆறு பெண்களுக்கும் கூடத்தில் வேலை இருக்காது, கொழுந்து பறிக்கத்தான் போக வேண்டும். எனக்கும்தான். ஆனால் எனக்குக் கொழுந்து பறிக்கத் தெரியாது என்பதால் யாரும் என்னைப்பற்றிக் கவலைப்படவில்லை.

ஆகவே நிறுத்தேன். அந்த ஒரு மாதம் கண்ணில் பட்டதையெல்லாம் நிறுத்தேன். வெள்ளிக்கவரை, அட்டைப் பெட்டியை, ஒட்டுநாடாவை, பெட்டிக்குள் வைக்கும் தாளை. சென்னையிலிருந்து மாதிரிக்கு வந்த காகிதக் கவர்களிலும் இருபதில் டீ நிரப்பி, வெள்ளிக்கவர்கள் இருக்கும் அலமாரியிலேயே வைத்தேன். நாற்பது வீடுகளுக்கும் ஆளுக்கு இரண்டு டீக் கவரும் ஒரு துணிப்பையும் கொடுத்தோம். பெரும்பாலும் லய வீடுகள், ரோட்டோரத்தில் சில, என் வீடும் ஒன்று. "டீ தீர்ந்ததும் காலிக் கவரை இந்தப் பையில போட்டு வெச்சிருங்க, மாசக் கடைசியில வாங்கிக்கறேன்" என்று ஒவ்வொரு வாசலிலும் சொல்லிவிட்டு வந்தேன்.

மாசக் கடைசியில் நாற்பது பைகளும் வந்தன. ஒவ்வொரு பையிலும் இரண்டு கவர்கள். கழுவி, காயவைத்து, நீவி மடித்து, கோயிலுக்குக் கொடுக்கிற புடவை மாதிரி. எண்பதுக்கு எண்பது.

முதலாளிக்கு நம்ப முடியவில்லை. அவர் அப்பிச்சி என்று சொல்லும் தாத்தா காலத்தில் அவிநாசிப் பக்கத்திலிருந்து மலையேறிய குடும்பம். சந்தோஷம் வந்தால் அவருக்குக் கை நிற்காது. மேசையில் தாளம் போட்டார். "ஏனுங்க டீச்சர், நம்மூர்ச் சனம் நம்மூர்ச் சனந்தானுங்க! அப்படியே எழுதி அனுப்பிச்சு விடுங்க. மெட்ராஸ்காரங்க வாயைப் பொளக்கட்டும்."

எழுத உட்கார்ந்தேன். எழுதுவதற்குமுன் எல்லாவற்றையும் இன்னொரு முறை கையால் தொட்டுப் பார்க்கும் ஒரு கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. கவர்களை ஒவ்வொன்றாக விரித்தேன். ஐந்தாறு விரித்ததும் கை நின்றது. ஒரு கவரின் அடியில் ஊசியால் குத்தியதுபோல் நான்கு ஓட்டைகள், தையலோரத்தில் செம்மண். இன்னொன்றில் அச்சிட்டிருந்த தேதி போன வருடத்தது. வேறொன்று சுத்தமாக, மொடமொடவென்று இருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். டீ வாசமே இல்லை. எத்தனை கழுவினாலும் வெள்ளித்தாளில் டீ வாசம் லேசாகத் தங்கியிருக்கும். இதற்குள் டீ போனதே இல்லை.

அந்தக் கவரை எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன். அக்காவுக்கு ஐம்பத்தைந்து இருக்கும். சின்ன வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து பெற்றோரோடு கப்பலேறி வந்தவர். ஒட்டும் இயந்திரத்தின் மிதியிலிருந்து கால் எடுக்காமல் ஊர்க்கதை முழுக்கப் பேசக்கூடியவர்.

"அக்கா, இதுல டீ வாசமே இல்லையே?"

"கழுவியிருப்பாங்க டீச்சர். நல்லா சோப்புப் போட்டு."

"கழுவுனாலும் அடிமடிப்பு விரிஞ்சிருக்கணும்ல? இதை யாரும் நிரப்பவே இல்லை. நம்ம மூலையில கிடக்கற அச்சுக் கோணின கவர் இது."

மிதி நின்றது. மற்ற ஐந்து பேரும் சலிப்பதையும் நிரப்புவதையும் மிகக் கவனமாகச் செய்ய ஆரம்பித்தார்கள்.

"எத்தனை அக்கா?"

"ஒரு இருபது இருக்கும்." சற்றுப் பொறுத்து, "இருபத்தி மூணு."

"அப்ப நிசமான கவரெல்லாம்?"

"அடுப்புல போயிருச்சு. பின்ன எங்க போகும்? ஐப்பசியில வெறகு சொன்ன பேச்சைக் கேக்குமா? கொஞ்சோண்டு கவரைக் கிழிச்சு அடியில வெச்சாத்தான் புடிக்கும். அஞ்சு மணிக்குத் தேத்தண்ணி குடிக்காம ஆரு மலையேறுறது? உங்க மெட்ராஸ்காரங்களை வந்து ஊதிப் பாக்கச் சொல்லுங்க."

நிரப்புகிற பெண்களில் இளையவள் தலையைத் தூக்காமலே சொன்னாள்: "ஓட்டை போட்டது எங்க ஊட்டுதுங்க டீச்சர். புதினா வெச்சிருந்தேன். புடுங்கிப் போட்டுட்டுக் கழுவிக் குடுத்தேன்."

"ஐயோ, நல்லா இருந்த புதினாவை ஏம்மா புடுங்கின?"

"நீங்க கவரைத்தானுங்க கேட்டீங்க. புதினாவையா கேட்டீங்க?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நான் சிரிக்கவில்லை. "என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல? இல்லைன்னா இல்லைன்னு சொல்றதுக்கு என்ன?" என்று பழைய டீச்சர் குரல் எனக்குள்ளிருந்து எழுந்து வந்தது.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். "கொழுந்து நிறுக்கையில நீங்க நின்னு பாத்ததில்லை போல. கூடையில கொறைஞ்சு நிக்கிறவளுக்கு முன்ன பின்ன நிக்கிறவ ஒரு கை அள்ளிப் போடுவா. கணக்குப்புள்ளை அந்தப் பக்கம் திரும்புனதும். இன்னைக்கு அவளுக்கு, நாளைக்கு எனக்கு. தராசுன்னு ஒண்ணை ஊர் முன்னால வெச்சுட்டா ஒருத்தியையும் கொறைச்சுக் காட்டக்கூடாது. லயத்துல கடைசிக் காம்பரா ரூம்புக்காரி வெறும் பையைப் புடிச்சிக்கிட்டு அழுவுற மாதிரி நிக்கிறா. விட்டுர முடியுமா?"

நான் என் மேசைக்குத் திரும்பி, இழுப்பறையைத் திறந்தேன். அங்கே மாதிரிக்கு வைத்திருந்த பத்துக் கவர்களில் ஒன்பதுதான் இருந்தன. பத்தாவது எங்கே போனது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மூன்று நாள் முன்பு, என் வீட்டுப் பையில் ஒரு கவர் குறைந்தது. குளியலறைக்கு வெளியே இருக்கும் வெந்நீர் அடுப்புக்கு அதை நான்தான் கிழித்துப் போட்டிருந்தேன், கை அதுபாட்டுக்குச் செய்த வேலை. எடை எல்லாம் ஒன்றுதானே என்று இழுப்பறையிலிருந்து ஒன்றை எடுத்துப் பையில் போட்டுவிட்டு, மறந்தும் போயிருந்தேன். என் பையை யாரும் நிரப்பித் தரவில்லை. நானே நிரப்பிக்கொண்டேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலாளியிடம் சொன்னபோது தாளம் நின்றுவிட்டது. "தெரியாத மாதிரியே இருந்திர முடியாதுங்களா?" என்றார் மெதுவாக. "எனக்காகச் சொல்லலீங்க. ஆறு ஊடு இருக்குது."

எண்பது என்று எழுதினால் ஆறு பேருக்கும் வேலை இருக்கும். உண்மையை எழுதினால் என்ன ஆகும் என்று தெரியாது. எண் ஒன்றை எழுதுவதற்கு இரண்டு நாள் ஊரைச் சுற்றி நடந்தேன். ரோட்டில், சில்வர் ஓக் மரங்களுக்கு அடியில், ஈரப் படிக்கட்டுகளில். மூன்றாம் நாள் சாயங்காலம் கால் என்னை அக்காவின் லயத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தியது.

அக்கா அடுப்பு பற்றவைத்துக்கொண்டிருந்தார். கவரைக் கிழித்து விறகுக்கு அடியில் செருகினார், தீக்குச்சி வைத்தார். பச்சையும் நீலமுமாக ஒரு சுடர் சுருண்டு எழுந்தது. அழகாகத்தான் இருந்தது. பிறகு அந்த நாற்றம். சுடர் எழுவதற்கு ஒரு நொடி முன்பே அக்காவின் முகம் தோளுக்குப் பின்னால் திரும்பிவிட்டது. கழுத்து தானாகத் திரும்பியது. எத்தனை வருடம், எத்தனை ஆயிரம் காலையும் மாலையும் பழகிய திருப்பம் அது. படிவத்தின் மூன்று வரிசைகளில் எதிலும் அதற்கு இடம் இல்லை. நான் எண்பது என்று எழுதினால், அந்தத் திருப்பமே இல்லை என்று எழுதுவதாக ஆகும்.

தேத்தண்ணியைக் கையில் கொடுத்துவிட்டு அக்கா எதிரில் உட்கார்ந்தார். நான் இரண்டு பக்கத்தையும் சொன்னேன். வேலை போகலாம் என்பதை மறைக்கவில்லை.

"பொய் எடைன்னா என்னன்னு எங்களுக்குத் தெரியாதா டீச்சர்?" என்றார். "ஒரு கை அள்ளிப் போடுறது ஏன்னு நெனைக்கிறீங்க? கணக்குப்புள்ளை கொறைச்சுப் போடுறான்னுதான். ஈரம்னு ஒரு கழிவு, கூடைன்னு ஒரு கழிவு. நீங்க அவனில்லையே. உங்ககிட்டயும் அதே புத்தியில நடந்துக்கிட்டோம்." தம்ளரை ஆற்றினார். "எழுதுங்க. ஆனா முழுசா எழுதணும். காகிதத்துல போட்டு வெச்சீங்களே டீ, அது என்னாச்சுன்னும் சேத்து எழுதுங்க. எங்க அடுப்பை மட்டும் எழுதிட்டு நிறுத்திராதீங்க."

மறுநாள் அலமாரியில் வைத்த காகிதக் கவர்களைத் திறந்தோம். டீத்தூள் விரலில் மொறுமொறுவென்று உதிராமல் மொத்தமாக ஒட்டியது. கொதிக்க வைத்தோம். நிறம் வந்தது, வேறொன்றும் வரவில்லை. இளையவள் ஒரு வாய் குடித்துவிட்டு, "தம்ளர் கழுவுன தண்ணியாட்டம் இருக்குதுங்க" என்றாள். இருபது கவரில் பதின்மூன்று அப்படி. கூடத்துக்கு முன்னாலிருந்த ரோஜாச் செடிகளுக்குக் கொட்டுவதற்குமுன் அதையும் தராசில் வைத்தேன். கவருக்கு ஒரு சில கிராம் எடை குறைத்ததற்காக, கிலோவுக்குமேல் டீயைக் கொட்டிக்கொண்டிருந்தோம். அதற்குள் கிள்ளிய விரல்கள் இருந்தன, ஃபேக்டரியில் இலையை வாட்ட எரித்த விறகு இருந்தது, மலையேறி இறங்கிய லாரி இருந்தது. காகிதம் குப்பையில் நல்ல பிள்ளையாக மக்கிவிடும். அது வீணாக்கியதை யார் கணக்கில் எழுதுவது?

மறுபடி நாற்பது வீட்டுக்கும் போனேன், இந்தமுறை பை இல்லாமல். "கவர் என்னாச்சுன்னு சொன்னாப் போதும். என் ஊட்டுது ஒண்ணு வெந்நீர் அடுப்புல போச்சு" என்று முதலில் என்னுடையதைச் சொல்லிவிட்டுத்தான் கேட்டேன். அதன்பிறகு கதவுகள் வேறு மாதிரித் திறந்தன. உப்புக்கு ஒன்று, ரேஷன் கார்டு நனையாமல் இருக்க ஒன்று, கூரை ஆணிக்கு அடியில் ஒன்று, நாற்றுக்கு நிறைய, அடுப்புக்கு எல்லாவற்றையும்விட நிறைய. படிவத்தின் மூன்று வரிசைக்குக் கீழே பேனாவால் கோடு போட்டு நான்காவதாக அடுப்பு என்று எழுதினேன். ஐந்தாவதாக, இன்னும் வீட்டில் உழைத்துக்கொண்டிருப்பது. தனித்தாளில் கெட்டுப்போன டீயின் எடை. முதலில் வந்த எண்பது எப்படி வந்தது என்பதையும் எழுதினேன். கூடவே ஒரு கணக்குப் போட்டு வைத்தேன். நூறு கிராம் கவர் ஐந்துக்குப் பதில் அரைக்கிலோ கவர் ஒன்று என்றால், அதே டீக்கு வெள்ளித்தாள் பாதிக்கும் குறைவாகப் போதும். கணக்குச் சரியாக வந்ததில் எனக்கு ஒரு பெருமை. அது யார் தலையில் இறங்கும் என்று அப்போது தோன்றவில்லை.

தை மாதம் சென்னையிலிருந்து ஒரு பெண் வந்தாள். படிவங்களைப் பார்க்கும் பொறுப்பில் இருப்பவள், முப்பது வயதுக்குள். அடுப்பைப் பார்க்க வேண்டும் என்றாள். லயத்துக்குக் கூட்டிப்போனேன். அக்கா கூரைக் கம்பிலிருந்து ஒரு வெள்ளிக்கவரை எடுத்தார். "கிழிக்கப் போறாங்களா?" என்று அவள் என் காதில் கேட்டாள். அக்கா கிழிக்கவில்லை. கவரின் வாயைப் பிரித்து, உள்ளேயிருந்து கற்பூர மரமான யூகலிப்டஸின் பட்டையை எடுத்தார், அப்பளம்போல் காய்ந்தது. அடுப்பில் வைத்ததும் குப்பென்று பிடித்தது. அக்காவின் கழுத்து பழக்கத்தில் பாதி திரும்பி, பிறகு நின்றது.

"வெயில் அடிக்கற அன்னைக்குப் பொறுக்கி இதுல போட்டு வாயை மடிச்சு வெச்சிட்டோம்னா மழைக்கு நமத்துப்போகாது" என்றார். "கவரைக் கொளுத்துறதைவிட, கொளுத்துற பட்டையைக் கவருக்குள்ள வெச்சுக்கலாம்னு இப்பத்தான் புத்தி வந்துச்சு. இதை எந்த வரிசையில எழுதுவீங்கம்மா?"

அந்தப் பெண் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "தெரியலைம்மா. கேட்டுட்டுச் சொல்றேன்" என்றாள்.

பதினைந்து நாளில் கடிதம் வந்தது. காகிதமும் இல்லை, கோயம்புத்தூரும் இல்லை. பேக்கிங் மலையிலேயே இருக்கும். ஆனால் நூறு கிராம் கவரை நிறுத்திவிட்டு அரைக்கிலோ கவர். என் கணக்குதான். நன்றி என்றுகூட எழுதியிருந்தார்கள். ஐந்து கவர் நிரப்பி ஐந்து வாய் ஒட்டிய இடத்தில் இனி ஒன்று. முதலாளி கடிதத்தை மடித்தார். "மூணு பேர் போதுமுங்க இனி" என்றார், யார் முகத்தையும் பார்க்காமல்.

தூள் சலிக்கும் சத்தம் நின்றது. அக்காதான் பேசினார்.

"ஆளைக் கொறைக்காதீங்க மொதலாளி. நாளைக் கொறைங்க. மூணு நாளைக்கு மூணு பேரு, மத்த மூணு நாளைக்கு மத்தவங்க."

"கட்டுபடியாகுங்களா உங்களுக்கு?"

"கட்டாது. மிச்ச நாளைக்குக் கொழுந்துக்குப் போறோம். ஒருத்தி வெறும் பையோட நிக்கறதுக்கு இது பரவாயில்ல."

பரவாயில்லை என்று நான் நினைக்கவில்லை. இன்றும் நினைக்கவில்லை. அக்கா செவ்வாய், வியாழன், சனி மட்டும் வருகிறார். மற்ற நாட்களில் சரிவில் எங்கோ, நீல பிளாஸ்டிக் தாளை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஐம்பத்தைந்து வயது முழங்காலோடு ஏறிக்கொண்டிருப்பார். மலைக்கு வெள்ளித்தாள் குறைந்தது. அது நிஜமான குறைவு, நானே நிறுத்துப் பார்த்தது. அந்த எடையின் மறுபக்கத் தட்டில் என்ன இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும்.

இந்த வருடப் படிவத்தில் அடுப்பு என்று ஒரு வரிசையை அவர்களே அச்சடித்து அனுப்பியிருந்தார்கள். பட்டை வைத்த கவருக்கு அக்கா கேட்ட வரிசை மட்டும் இல்லை. மறுபடி நாற்பது பைகள். போன வாரம் மாசக் கடைசி. மேசைமேல் தராசு. ஒவ்வொருவராக வந்தார்கள். ஒன்று, ஒன்று, ஒன்றுமில்லை, இரண்டு. அக்கா தன் பையை நீட்டினார். கவிழ்த்தேன். ஒன்றும் விழவில்லை.

பின்னால் நின்ற இளையவளின் பையில் இரண்டு இருந்தன. அவள் கை லேசாக முன்னால் நகர்ந்ததைப் பார்த்தேன். அக்காவும் பார்த்தார்.

"சும்மா இருடி" என்றார். பிறகு என்னிடம், "ரெண்டும் ஊட்டுல இருக்குது டீச்சர், பட்டை வெச்சிருக்கேன். சைபர்னு எழுதுங்க."

எழுதினேன்.